மேல்தட்டில் ஒரு சோடிப் பல்சக்கரம்

நம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. உள்ளறையில் கார்புரேட்டர் சாமான்கள் வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. அதை யாரும் தொடக்கூடாது. போன வாரம் நான் வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் அதைக் கீழே இறக்கி வைத்து, "இது எந்தக் காலத்துச் சாமானோ, பழைய இரும்புக்காரன் வந்தா தள்ளி விட்டுரலாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன். இப்போது ஆத்திரம் தணிந்துவிட்டது. எதற்காக அப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பட்டறையை விட்டு விலகியவனுக்குப் பேச்சுதானே மிச்சம்.

டின்னுக்குள் இருப்பது அம்பாசிடர் காரின் பின் ஆக்சிலில் மாட்டும் கிரவுனும் பினியனும். பெரிய பல்சக்கரம் ஒன்று, அதைச் சுழற்றும் சின்னது ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று உரசி உரசிப் பழகியவை. ஒன்றைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால் ஊளையிட்டே ஊரைக் கூட்டிவிடும். அதனால்தான் எப்போதும் சோடியாக வைப்போம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது, இந்தச் சோடி யாருக்காகக் காத்திருக்கிறது என்பது.

அந்த நாளில் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே பாட்டைப் பாடுவார்கள். "அண்ணாச்சி, வண்டில பிக்கப்பே இல்ல." காரின் வயதைக் கேட்டால் தன் வயதைக் கேட்டதுபோல முகம் சுளிப்பார்கள். எஞ்சினைப் பிரிக்க மனசு வராது. யாரோ டீக்கடையில் சொல்லியிருப்பார்கள், பின் ஆக்சிலில் சின்னச் சக்கரத்தை ஒரு பல் குறைவாக உள்ளதாக மாற்றினால் வண்டி பாயும் என்று. பாயும்தான். சைக்கிளில் ஏற்றத்துக்குத் தோதாகப் பல்லை மாற்றினால் மிதிப்பது லேசாகும், ஆனால் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா? அதே கதைதான். எடுப்பில் கொடுப்பதை ஓட்டத்தில் பிடுங்கிக்கொள்ளும். நின்ற இடத்திலிருந்து துள்ளிக் கிளம்பும் வண்டி, நேர்ரோட்டில் வேகம் கேட்டால் கத்தும்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு அரிசி மில்காரர் வந்து, பஸ்ஸை முந்த முடியவில்லை என்று பிடிவாதமாக மாற்றிக்கொண்டு போனார். மறுமாதமே திரும்பி வந்தார். மதுரை ரோட்டில் வைக்கோல் லாரி தன்னை முந்திவிட்டதாம். "அது வைக்கோல் லாரி வே! வைக்கோல்!" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். "ரெண்டும் வேணும்னா ரெண்டு கார் வாங்கும் அண்ணாச்சி" என்றேன். கோபித்துக்கொண்டு போனவர் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. போகட்டும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பல்லை மாற்றச் சொல்லி யார் வந்தாலும், வண்டி எங்கே போகிறது, யார் யார் ஏறுகிறார்கள் என்று கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும். நீங்களும் கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆனி மாதம், மேலப்பாளையத்திலிருந்து சாகுல் என்ற இளைஞர் வந்தார். துபாயில் வேலை, விமானம் ஏறுவது திருவனந்தபுரத்தில். விடுமுறை முடிந்து போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அவருடைய வாப்பா வாங்கிய பழைய அம்பாசிடர் வீட்டில் நின்றது. அவர் வரும்போது ஓடும், போனபின் துணி போர்த்திக்கொண்டு நிற்கும்.

"அண்ணாச்சி, எங்க தெரு முனையில வாய்க்கால் பாலம் இருக்குல்லா? அதுல ஏற மாட்டேங்கு" என்றார்.

அந்தப் பாலத்தை எனக்குத் தெரியும். பாளையங்கால்வாய் மேல் ஒட்டகத் திமில்போல எழும்பி நிற்கும். ஆனால் எந்த அம்பாசிடரும் ஏற முடியாத பாலம் இல்லை.

"எத்தனை பேரு ஏறுவியோ?" என்று கேட்டேன்.

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தார். உம்மா, மனைவி, மாமாமார், மச்சான்மார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். அது போக, தெருவில் யார் யார் வீட்டு ஆண்கள் துபாயில் இருக்கிறார்களோ அத்தனை வீட்டிலிருந்தும் பொட்டலங்கள் வரும். முறுக்கு, ஊறுகாய், மாசிப்பொடி, அல்வா.

போன தடவை புறப்பட்டபோது வண்டி பாலத்தின் நடுவில் திணறி நின்றிருக்கிறது. பயணம் புறப்பட்ட வண்டி தெரு தாண்டுவதற்குள் நின்றால் ஆகாது என்பது உம்மாவின் எண்ணம். எல்லோரையும் இறக்கி, வீட்டுக்குள் கூட்டிப் போய், துஆ ஓதி, திரும்பவும் முதலிலிருந்து புறப்பட வைத்தாராம். அந்தத் தடவை சாகுலுக்கு விடுமுறை தள்ளித் தள்ளிப் போய், இரண்டு வருடத்தில் வர வேண்டியவர் மூன்று வருடம் கழித்துத்தான் வர முடிந்தது. எல்லாம் அந்தப் பாலத்தால் வந்த வினை என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"பாலம் வரைக்கும் எல்லாரும் நடந்து போயி, அந்தப் பக்கம் ஏறிக்கிடலாம்லா?" என்றேன்.

"நானும் சொன்னேன் அண்ணாச்சி. உம்மா சம்மதிக்க மாட்டேங்கா. வாசல்லயிருந்து ஏத்தி அனுப்பணுமாம்."

சரி என்று அவர் வீட்டுக்கே போய் வண்டியைப் பார்த்தேன். எஞ்சின் வயதானாலும் ஒழுங்காக மூச்சு விட்டது. முற்றத்தில் நின்று அவருக்கு விவரம் சொன்னேன். ஏற்றம் பிரச்சினை இருக்காது, நேர்ரோட்டில் வேகம் குறையும். இன்னொன்று, வேகம் காட்டும் மீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுவது. ஆக்சிலில் பல் மாறினது அதற்குத் தெரியாது. முள் அறுபதைக் காட்டும், வண்டி அவ்வளவு போகாது. முள்ளை நம்பி நேரம் கணக்குப் போடாதீர்கள் என்றும் சொன்னேன். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அன்றே சந்தேகப்பட்டேன்.

அவருடைய மனைவி ரஹ்மத்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேநீரை மாமியாரிடம் கொடுத்தனுப்பிவிட்டு அங்கிருந்தே கேட்டாள்.

"அப்ப திருவனந்தபுரம் போய்ச் சேர நேரம் கூட ஆகுமா அண்ணாச்சி?"

"ஆகும் தங்கச்சி. அரை மணி நேரம் போலக் கூடும்."

பிறகு, "அப்ப மாத்திருங்க" என்றாள்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகத்துக்குப் பயப்படுகிற பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பல் குறைந்த சோடி ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினேன். புறப்படும் அன்று நானே ஓட்ட வேண்டும் என்று சாகுல் கேட்டுக்கொண்டார். காலையில் பசியாறி முடித்து வாசலுக்கு வந்தால், கார் தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். ஜன்னல் வழியாகக் கைகளும் கால்களும் நீட்டிக்கொண்டிருந்தன. முதல் கியரைப் போட்டு, பைய கிளச்சை விட்டேன். பாலத்து ஏற்றத்தின் அடிவாரத்தில் மூச்சைப் பிடித்தேன். எல்லோரும் பிடித்திருப்பார்கள் போல, காருக்குள் ஒரு சத்தம் இல்லை. வண்டி உறுமிக்கொண்டு ஒரே தம்மில் ஏறி மறுபக்கம் இறங்கியது. பின்னால் இருந்து எழும்பிய கூச்சலில் வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபக்கம் இறங்கியதும் மாமா ஒருவர், "நிப்பாட்டுங்க அண்ணாச்சி, நாங்க இங்கன இறங்கிக்கிடுதோம்" என்றார். அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். பாலத்தைத் தாண்டத்தான் அவ்வளவு பேரும் ஏறியிருக்கிறார்கள்! இதற்காகவா நான் ஆக்சிலைப் பிரித்தேன் என்று சிரிப்பதா அழுவதா எனத் தெரியவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக சாகுலின் கையைப் பிடித்து, கன்னத்தைத் தொட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கியபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

என்னையும் சேர்த்து மீதி நான்கு பேர். சாகுல் முன்னால் ஏறப் போனார். உம்மா தடுத்தார். "எனக்குப் பின்னால உக்காந்தா தலையச் சுத்தும் வாப்பா. நீ பின்னால போ." என் பக்கத்தில் உட்கார்ந்த உம்மா, பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

பின்னால் ஏதோ மெல்லிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. இரண்டு பேர் சேர்ந்தாற்போல இருந்த நாட்களைக் காட்டிலும் பிரிந்திருந்த நாட்கள் பல மடங்கு கூடிய கல்யாணம் அது. பேச எவ்வளவோ இருந்திருக்கும்.

நாங்குநேரி வந்தபோது சாகுல் கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன அண்ணாச்சி, முள்ளு அறுவதுல நிக்கி, இன்னும் நாங்குநேரிதானா?" நான் சொன்னதை மறந்து, எப்போதும் புறப்படும் நேரத்துக்கே புறப்பட்டிருக்கிறார். சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த விமானத்தை விட்டால் விசாவின் கெடு முடிந்துவிடும், வேலை போய்விடும் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விதி சும்மா இருக்குமா? காவல்கிணறு அருகே பின் டயர் பஞ்சர். ஸ்டெப்னி டிக்கிக்குள் அடியில். அதற்கு மேலே தெருவே கொடுத்தனுப்பிய பொட்டலங்கள். அத்தனையையும் ரோட்டோரம் இறக்கினோம். ஆனி மாதத்துக் காற்றை அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆளையே தள்ளும். நான் ஜாக்கியைப் போட்டு உட்கார்ந்திருக்கையில், முறுக்குப் பொட்டலம் ஒன்று உருண்டு ஓடியது. ரஹ்மத்து அதைத் துரத்த, அவள் விட்டுவிட்டுப் போன இன்னொன்று கிளம்ப, அதைச் சாகுல் துரத்தினார். உடைமரத்தடியில் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தின் மேல் விழுந்தார்கள். பிறகு சிரித்தார்களே ஒரு சிரிப்பு! விமானமும் விசாவும் மறந்து போன சிரிப்பு. எதிர்க்காற்றையும் மீறி எனக்குக் கேட்டது.

கடைசி நட்டை இறுக்கி முடித்தபிறகும் ஒரு கணம் குனிந்தே இருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்து வந்த குரல் ஞாபகம் வந்தது. "அப்ப மாத்திருங்க." அந்தப் பிள்ளை வேகத்துக்குப் பயப்படவில்லை. அரை மணி நேரம் கூடக் கிடைக்கும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள்.

ஜாக்கியை இன்னும் மெதுவாக இறக்கலாமா என்று தோன்றியது. ஆனால் வண்டி என் கையில் இருந்தது. அதில் ஒரு குடும்பத்தின் பிழைப்பும் இருந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்ததும் காற்று நேர்முகமாக அடித்தது. சாகுல் பின்னாலிருந்து சீட்டைத் தட்டினார். "அமுக்குங்க அண்ணாச்சி, அமுக்குங்க. எல்லாம் போயிரும்."

நான் அமுக்கவில்லை. எஞ்சின் ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்தது, சூடு காட்டும் முள் மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"வண்டி உங்க கையிலதான அண்ணாச்சி இருக்கு!" என்று கத்தினார். அதுவரை என்னிடம் குரல் உயர்த்தாதவர்.

"என் கையில இருக்கதுனாலதான் தம்பி அமுக்கல. இங்கன கொதிச்சு நின்னுட்டா அதோட சரி. நாகர்கோயில் தாண்டட்டும், பொறுங்க."

தம்பிகளே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பக்கத்தில் ஒருவர் பதறும்போது, அவருடைய பதற்றத்தை நம் காலுக்கு இறக்கிவிடக்கூடாது. வண்டிக்கு எது வரும், எது வராது என்பது நமக்குத்தான் தெரியும். நேர்ரோட்டில் வேகம் கேட்டால் அந்த ஆக்சில் கொடுக்காது. அதற்கு வேறு இடம் இருக்கிறது. அது வரும்வரை நம்மைத் திட்டினால் திட்டட்டும்.

நாகர்கோவிலுக்கு அப்பால் ரோடு மாறிவிடும். வளைவும் மேடும் பள்ளமும், முக்குக்கு முக்கு பஸ் நிற்கும் சந்திப்பும். அங்கே யாரும் வேகம் போக முடியாது. பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து, இடைவெளி கிடைத்ததும் சட்டென்று பாய்கிறவன்தான் முந்துவான். அந்த ஒரு பல் குறைந்ததன் மகிமையை அங்கேதான் பார்த்தேன். தக்கலையில் மூன்று பஸ்களைத் தாண்டினேன். மார்த்தாண்டத்து மேட்டில் எனக்கு முன்னால் திணறிக்கொண்டிருந்த புதுக்காரை, எங்கள் கிழவண்டி இரண்டாம் கியரில் உரசாமல் கடந்துபோனது. அந்த அரிசி மில்காரர் பார்த்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். சாகுல் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய சட்டைக் கையை ரஹ்மத்து பிடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பஸ்ஸை முந்தும்போதும் அவள் பிடி இறுகியது.

விமான நிலைய வாசலில் கதவு மூடப் போகிற நேரத்துக்குச் சேர்ந்தோம். ஓட்டமும் நடையுமாகப் பொட்டலங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். சாகுல் உம்மாவின் கையில் முத்தமிட்டார். என் தோளைத் தட்டினார். ரஹ்மத்தின் பக்கம் திரும்பினார், அதற்குள் காவலர் அதட்ட, உள்ளே ஓடினார். கண்ணாடிக்கு அப்பால் ஒரு தடவை கை தெரிந்தது. அவ்வளவுதான்.

எனக்கு மனசே சரியில்லை. "முறையாச் சொல்லிக்கிடக்கூட நேரமில்லாமப் போச்சே தங்கச்சி" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காவல்கிணத்துலயே சொல்லியாச்சு அண்ணாச்சி" என்றாள்.

திரும்பும்போது உம்மா பின்சீட்டில் மருமகளோடு உட்கார்ந்துகொண்டார். தலைசுற்றல் எங்கே போனதென்று நான் கேட்கவில்லை. வழிநெடுக அவள் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கணவாய்க்குள் காற்று இப்போது முதுகைப் பிடித்துத் தள்ளியது. சாகுல் உட்கார்ந்து வந்த இடத்தில் ஒரு நசுங்கிய முறுக்குப் பொட்டலம் மட்டும் கிடந்தது. நாங்குநேரிக் குளத்தில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது ரஹ்மத்து கேட்டாள்.

"அண்ணாச்சி, போகும்போது பைய போகணும், அவுகளக் கூட்டிட்டு வரும்போது பறந்து வரணும். ஒரே வண்டிக்குள்ள ரெண்டும் வராதா?"

அரிசி மில்காரர் கேட்ட அதே கேள்விதான். அவரிடம் சொன்னதுபோல ரெண்டு கார் வாங்கச் சொல்லி இவளைக் கேலி பண்ண மனசு வரவில்லை.

"ஒரு ஆக்சிலுக்கு ஒரு சோடிதான் தங்கச்சி."

"கழட்டுன பழசு இருக்கா?"

"இருக்கு."

"அதத் தூரப் போட்டுராதீங்க. லீவுக்கு வரும்போது இதுவே இருக்கட்டும், வந்தா திரும்பப் போகத்தான செய்வாக. மொத்தமா வாரேன்னு போன் வரும்லா, அன்னைக்குப் பழசை மாட்டித் தாங்க. வழியில ஒரு நிமிசம் நிக்கக் கூடாது."

"இன்ஷா அல்லா" என்றார் உம்மா, இருட்டத் தொடங்கிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

மறுநாளே அந்தச் சோடியைக் கழுவி, கிரீஸ் தடவி, துணி சுற்றி டின்னில் வைத்தேன். அதன்பின் சாகுல் வந்து போன ஒவ்வொரு விடுமுறைக்கும் நான்தான் ஓட்டினேன். பாலத்தைத் தாண்ட ஊரே ஏறும், தாண்டியதும் இறங்கும், உம்மாவுக்குத் தலைசுற்றல் வரும். காவல்கிணறு வந்தால் பஞ்சர் இல்லாமலேயே வண்டியை நிறுத்தி, டயரைச் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பேன். அப்போதெல்லாம் முன்கூட்டியே புறப்பட்டுவிடுவதால் சாகுலும் ஒன்றும் சொல்லமாட்டார். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ரஹ்மத்து, "டின்னு இருக்குல்லா அண்ணாச்சி?" என்பாள். "இருக்கு தங்கச்சி" என்பேன்.

எத்தனையோ வண்டிகளுக்குப் பல் மாற்றியிருக்கிறேன். ஆசைப்பட்டுச் செய்யாமல் விட்ட வேலை இது ஒன்றுதான். அந்தப் பழைய சோடியை மாட்டி, நேர்ரோட்டில் ஒரு தடவை அந்த வண்டியை விரட்ட வேண்டும், பின்னால் அவர்கள் மூவரும் இருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு ஏக்கம். என் காலத்தில் அந்த போன் வரவில்லை. முழங்கால் போனபின் வண்டிக்கு அடியில் குனிய என்னால் முடியவில்லை. இனி உங்கள் காலம்.

அதனால் தம்பிகளே, மழைக்காலம் முடிந்ததும் டின்னைத் திறந்து கிரீஸை மாற்றுங்கள். இரண்டையும் பிரித்து வைக்காதீர்கள். என்றைக்காவது மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்து டின் இருக்கிறதா என்று கேட்டால், லிஃப்டில் எந்த வண்டி நின்றாலும் அதை இறக்கிவிட்டு அவளுடைய வண்டியை ஏற்றுங்கள். நாளைக்கு வா என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.